மாமாவின் பழைய கார்ட், ஹோல் ரீவி: படம் வந்தது, சத்தம் வரவில்லை



இந்தக் கிழமை எபிசோட்டில் ஐந்து நிமிடம் மட்டும் தொட்டுவிட்டுப் போன விஷயம் இது. சொக்கெட்டில் எத்தனை ஊசி இருக்கிறது என்று காதால் கேட்டு எண்ண முடியாது, அதனால் எழுத்தில் தருகிறேன். உங்கட வீட்டு பேஸ்மென்டில் ஒரு பழைய கொம்பியூட்டர் கிடந்தால், அதை ஹோலில் இருக்கிற பெரிய ரீவியில் எப்படிப் பொருத்துவது என்பதுதான் பாடம். "பழசை எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்கலாமே" என்று கேட்கப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கோ. முதலில் கதை.

என்ர பெரியமாமா ஸ்காபரோவில் இருக்கிறார். 2003 அளவில் அவருக்கு ஒரு வேலை பிடித்திருந்தது: சொந்தக்காரர் வீட்டு வீடியோ கசெட்டுகளை எல்லாம் வாங்கி, கொம்பியூட்டரில் ஏற்றி வைப்பது. இலங்கையில் இருந்து வந்த கசெட்டுகள் பால் முறையில் இருக்கும், இங்கத்தைய வீசிஆர் என்டிஎஸ்சி முறை. அதனால் ஊரில் இருந்து கலியாணக் கசெட் வந்தால் நேராகப் போட்டுப் பார்க்க ஏலாது. மாமா இரண்டு முறையும் வாசிக்கிற வீசிஆர் ஒன்று வைத்திருந்தார். அதில் இருந்து வயர் போட்டு, 'ஓல்-இன்-வொண்டர்' என்ற ஏடிஐ கார்ட் வழியாகப் பதிந்தார். 2009இல் வேறு கொம்பியூட்டர் வாங்கினபோது அந்த ஃபைல்கள் எல்லாம் அதற்கு மாறின. அதற்குப் பிறகு அந்தப் பெட்டி அசையவில்லை.

அந்த ஃபைல்களில் ஒன்று, 1998இல் கொழும்பு வெள்ளவத்தையில் நடந்த என்ர சித்தியின் கலியாணம். அதில் அம்மப்பா வாசலில் நின்று வாறவர்களைக் கூப்பிடுகிறார். அம்மப்பா 2001இல் காலமானார். படங்கள் நிறைய இருக்கு, ஆனால் அவருடைய குரல் எங்களிடம் இருப்பது அந்த ஒரு கசெட்டில் மட்டும்தான். அந்தக் கசெட்டும் பூஞ்சணம் பிடித்து எப்பவோ போய்விட்டது. மிஞ்சியது மாமாவின் ஃபைல்.

அம்மம்மாவுக்கு 86 வயது. மாமாவின் 17 அங்குல மொனிட்டரில் அவவுக்கு முகங்கள் பிரிந்து தெரியாது. பிறந்தநாளுக்கு எல்லாரும் வாற ஞாயிற்றுக்கிழமை, ஹோல் ரீவியில் அதைப் போட வேணும் என்று மாமா என்னைக் கூப்பிட்டார். "நீ கொம்பியூட்டர் படிச்சனி தானே தம்பி." இந்த வசனத்துக்கு எங்கட சனத்தில் மறுமொழி கிடையாது.

யுஎஸ்பியில் போட்டு ரீவியில் செருகலாமே என்றுதான் நானும் நினைத்தேன். ரீவி அந்தப் பழைய ஃபைல் வகையை வாசிக்கவில்லை. எல்லாவற்றையும் புதிய வகைக்கு மாற்றலாம், பிறகு மாற்றவும் செய்தேன், ஆனால் அந்தப் பெட்டியின் வேகத்தில் அது நாட்கணக்கு வேலை. அதோடு மாமாவுக்குத் தன்னுடைய ஃபோல்டர்களைத் தானே திறந்து, "இதில ஆர் நிக்கினம் பாருங்கோ" என்று காட்ட ஆசை. அது நியாயமான ஆசைதான்.

முதலில் செய்ய வேண்டியது, நான் செய்யாதது

வெள்ளிக்கிழமை இரவு அந்தப் பெட்டியை பேஸ்மென்டில் இருந்து மேலே தூக்கிக்கொண்டு வந்தேன். பொத்தானை அமத்தினேன். கறுப்புத் திரையில் ஒரு வெள்ளை வரி: டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லையாம். மாமா எனக்குப் பின்னால் நின்றார். ஒன்றும் கதைக்கவில்லை, அதுதான் இன்னும் மோசம்.

கடைசியில் அது படியில் ஏறும்போது தளர்ந்துபோன ஒரு டேட்டா வயர். மூடியைக் கழற்றி, அமத்திப் பொருத்தினதும் சரி. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தை நான் மறக்க மாட்டேன். ஆகவே உங்களுக்கு: பெட்டியை அசைக்க முதல், அது நின்ற இடத்திலேயே வைத்து, எல்லா வீடியோவையும் படத்தையும் வெளி டிஸ்க் ஒன்றுக்குக் கொப்பி பண்ணுங்கோ. பத்து வருடத்துக்கு மேல் ஓடின ஹார்ட் டிஸ்க்கை நம்ப வேண்டாம். கார்ட், ரீவி, கேபிள் எல்லாம் கடையில் வாங்கலாம்.

இன்னொன்று, இது ரொறன்ரோவுக்கே உரிய விஷயம். குளிர்காலத்தில் வீட்டுக் காற்று காய்ந்திருக்கும், கார்பெட்டில் நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் 'சுள்' என்று அடிக்கும் இல்லையா? அதே மின்சாரம் கார்டின் சிப்பில் அடித்தால் கார்ட் செத்துப்போகலாம். பெட்டியைத் திறக்க முதல் வயரைச் சுவரில் இருந்து கழற்றி, பெட்டியின் பெயின்ற் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கோ. உள்ளே கிடக்கிற தூசியை வாயால் ஊத வேண்டாம், எச்சில் பறக்கும்.

பின்பக்கம் என்ன ஓட்டை இருக்கிறது?

ஒரு மோலில் இருக்கிற கடைக்குப் போய்க் கேட்டபோது, அங்கே நின்ற பெடியன் கார்டின் பெயரைக் கேட்டதும், "இது எச்டிஎம்ஐக்குச் சரிவராது, புதுக் கொம்பியூட்டர் பாருங்கோ" என்றான். அவன் சொன்னது பிழை. ஆனால் அவனை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, ஓட்டையின் வடிவம் வேறு என்றால் உள்ளே ஓடுவதும் வேறு என்று எல்லாரும் நினைக்கிறோம்.

மாமாவின் கார்ட் ரேடியோன் எச்டி 4670, 2008இல் வந்தது. பின்பக்கத்தில் மூன்று வாய்: இரண்டு வெள்ளை டிவிஐ, நடுவில் வட்டமாக ஒரு எஸ்-வீடியோ. எச்டிஎம்ஐ இல்லை.

நீலநிறத்தில் 15 ஊசி உள்ளது விஜிஏ. ஐபிஎம் 1987இல் கொண்டுவந்தது. அதில் போவது அனலொக், அதாவது ஏறி இறங்குகிற மின்னழுத்தம். அதை எச்டிஎம்ஐக்கு மாற்ற, உள்ளே சிப் இருக்கிற, யுஎஸ்பியில் கரண்ட் எடுக்கிற மாற்றிப் பெட்டி வேணும். இரண்டு பக்கமும் வெறும் வாய் மட்டும் உள்ள மலிவு வயரை வாங்கி ஏமாற வேண்டாம், அதில் படம் வராது. ரீவியிலேயே விஜிஏ வாய் இருந்தால் (2015க்கு முந்திய நிறைய ரீவிகளில் 'பிசி' என்று எழுதி இருக்கும்) நேராகக் கொடுக்கலாம்.

வட்டமான எஸ்-வீடியோவை விட்டுவிடுங்கோ. பழைய குழாய் ரீவிக்கு அது நல்லது. எச்டி ரீவியில் அதைக் கொடுத்தால் எழுத்து வாசிக்க ஏலாது.

இனி டிவிஐ. இதில்தான் விஷயம் இருக்கு. 1999இல் வந்த இந்த முறையில் படம் டிஜிட்டலாகப் போகும். 2002 கடைசியில் எச்டிஎம்ஐயின் முதல் வடிவம் வந்தபோது, அதைச் செய்த கொம்பனிகள் படத்தை அனுப்புகிற முறையைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. டிவிஐயில் இருந்த அதே முறையை எடுத்து, சின்ன வாயில் போட்டு, அதற்குள் சத்தத்தையும் சேர்த்தார்கள். ஆகவே டிவிஐயில் இருந்து எச்டிஎம்ஐக்குப் போக 'மாற்றம்' எதுவும் தேவையில்லை. ஒரு பக்கம் டிவிஐ, மறுபக்கம் எச்டிஎம்ஐ உள்ள சாதாரண வயர் போதும். உள்ளே சிப் இல்லை, கரண்ட் வேண்டாம், படத்தின் தரமும் குறையாது.

ஒன்றை மட்டும் பாருங்கோ. டிவிஐ வாயில் ஒரு தட்டையான நீளக் கீறல் இருக்கும். அதைச் சுற்றி நாலு ஓட்டை இருந்தால் அது அனலொக்கையும் டிஜிட்டலையும் சேர்த்துக் கொடுக்கிற டிவிஐ-ஐ. அந்த நாலும் இல்லாவிட்டால் டிஜிட்டல் மட்டும், டிவிஐ-டி. இரண்டுமே எங்களுக்குச் சரி.

வேகம் காணுமா? கணக்குப் பார்ப்போம். 1080பி படத்தில் கண்ணுக்குத் தெரிவது 1920க்கு 1080 பிக்சல். ஆனால் வயரில் போவது 2200க்கு 1125. மிச்சம் எல்லாம் வெறுமை. ஒவ்வொரு வரி முடிந்ததும் ஒரு இடைவெளி, ஒவ்வொரு படம் முடிந்ததும் ஒரு பெரிய இடைவெளி. குழாய் ரீவிக் காலத்தில் எலக்ட்ரோன் கதிர் வலது ஓரத்தில் இருந்து திரும்ப இடது ஓரத்துக்கு வர நேரம் தேவைப்பட்டது. குழாய் போய்விட்டது, இடைவெளி மட்டும் மிஞ்சிவிட்டது. 2200ஐ 1125ஆல் பெருக்கி, செக்கனுக்கு 60 படம் என்றால் 14 கோடியே 85 லட்சம். ஒற்றை இணைப்பு டிவிஐயின் எல்லை 16 கோடியே 50 லட்சம். காணும். 4கே என்றால் செக்கனுக்கு 30 படம் என்றாலும் 29 கோடியே 70 லட்சம் வேணும், அது இந்த வாயால் போகாது. ஆனால் பயப்பட வேண்டாம், 4கே ரீவி 1080பி படத்தை வாங்கி ஒவ்வொரு பிக்சலையும் நாலாக்கிக் காட்டும். இரண்டால் சரியாகப் பிரிபடுகிற கணக்கு என்பதால் வடிவாகவே இருக்கும்.

அந்த வெறும் இடைவெளியை நினைவில் வைத்திருங்கோ. திரும்ப வருவோம்.

சனிக்கிழமை ஒத்திகை

பன்னிரண்டு டொலர் வயர் ஒன்று வாங்கி வந்து கொழுவினேன். ரீவியை முதலில் போட்டுவிட்டு, பிறகு கொம்பியூட்டரைப் போட்டேன். இந்த ஒழுங்கு முக்கியம். ரீவிக்குள் ஒரு சின்னக் குறிப்பு எழுதி இருக்கும்: நான் இன்ன மொடல், இன்ன இன்ன அளவு படம் எனக்குச் சரி என்று. ஈடிஐடி என்று பெயர், 1994இல் இருந்து இருக்கிற ஏற்பாடு, அடிப்படைப் பகுதி வெறும் 128 பைட்தான். கார்ட் அதை வாசித்துத்தான் எந்த அளவில் படம் அனுப்புவது என்று முடிவெடுக்கிறது. பழைய கார்ட்கள் பல, கொம்பியூட்டர் எழும்பும்போது மட்டும் அதை வடிவாக வாசிக்கும். அந்த நேரம் ரீவி நித்திரை என்றால் கறுப்புத் திரைதான்.

எங்களுக்குப் படம் உடனே வந்தது. மாமாவுக்குச் சந்தோசம். ஆனால் கீழே இருக்கிற ஸ்டார்ட் பட்டையைக் காணவில்லை. நாலு பக்கமும் ஒரு விரல் அளவு வெட்டுப்பட்டிருந்தது.

இதுக்குப் பெயர் ஓவர்ஸ்கான். குழாய் ரீவிகளில் படத்தின் ஓரம் கோணல்மாணலாக இருக்கும் என்பதால், படத்தைக் கொஞ்சம் பெருப்பித்து ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்தார்கள். தட்டை ரீவியில் கோணலும் இல்லை, ஒளிக்கத் தேவையும் இல்லை. பழக்கம் மட்டும் விடவில்லை. ரீவியின் ரிமோட்டில் படத்தின் அளவு என்கிற இடத்துக்குப் போங்கோ. எல்ஜியில் 'ஜஸ்ட் ஸ்கான்', சாம்சங்கில் 'ஸ்க்ரீன் ஃபிட்', சோனியில் 'ஃபுல் பிக்சல்', ஷார்ப்பில் 'டொட் பை டொட்'. எல்லாம் ஒரே வேலை: வாற படத்தை நீட்டாமல் சுருக்காமல் அப்படியே காட்டு. அதோடு அந்த வாயின் பெயரை ரீவியில் 'பிசி' என்று மாற்றுங்கோ. சில ரீவிகளில் அது வெறும் பெயர் இல்லை, அப்படி மாற்றினால்தான் எழுத்தைக் கூராக்கிறேன் என்று சொல்லிப் பழுதாக்குகிற வேலையை அது விடும்.

பிறகு கலியாண வீடியோவைப் போட்டோம். எல்லாரும் குண்டாகத் தெரிந்தார்கள். "அப்ப நான் இவ்வளவு மொத்தமே?" என்று சித்தி போனில் படம் பார்த்துவிட்டுக் கேட்டா. பழைய வீடியோ நாலுக்கு மூன்று அளவு, ரீவி பதினாறுக்கு ஒன்பது. இதை ரீவியில் திருத்த வேண்டாம், அங்கே திருத்தினால் டெஸ்க்டொப்பும் சேர்ந்து சுருங்கும். வீடியோ ஓடுகிற மென்பொருளில் திருத்துங்கோ. விஎல்சி என்றால் 'ஏ' எழுத்தைச் சில தடவை அமத்தினால் அளவு மாறி மாறி வரும். ஆட்கள் கையசைக்கும்போது சீப்புப் பல் போலக் கோடு தெரிந்தால் 'டி' எழுத்து. அந்தக் காலத்து வீடியோ ஒரு படத்தை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பதிந்தது, அந்த இரண்டையும் சேர்க்கிற வேலையை அது செய்யும். பால் வீடியோ செக்கனுக்கு 25 படம் என்பதால் ரீவியை 50 ஹேர்ட்ஸில் வைத்தால் சரியாக ஓடும் என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். இங்கே விற்கிற ரீவிகளில் பல 50ஐ ஏற்காது. 60இலேயே விடுங்கோ, கண் பழகிவிடும்.

இவ்வளவும் முடிய அம்மம்மாவைக் கொண்டுவந்து முன்னால் இருத்தினோம். வெள்ளவத்தை மண்டபம். வாசலில் அம்மப்பா, வெள்ளை வேட்டி, தோளில் சால்வை. அம்மம்மா கதிரை நுனிக்கு வந்திட்டா. கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு என்னிடம் திரும்பி, "ஏன் தம்பி ஒருத்தரும் கதைக்கினம் இல்லை?"

அம்மப்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தம் இல்லை.

சத்தம் எங்கே போனது?

மேலே சொன்ன இடைவெளிக்கு வருவோம். 2200க்கு 1125இல் நூற்றுக்கு 16 பங்கு வெறுமை. எச்டிஎம்ஐ செய்த கெட்டித்தனம் இதுதான்: சத்தத்துக்கு வேறு கம்பி போடாமல், அந்த வெறும் இடத்துக்குள் சின்னச் சின்னப் பொட்டலமாகச் சத்தத்தை வைத்து அனுப்பியது. படம் அதே, இடைவெளி மட்டும் நிரம்பியிருக்கும்.

டிவிஐயின் சட்டப்படி அந்த இடைவெளி வெறுமையாகத்தான் இருக்க வேணும். சாதாரண டிவிஐ மொனிட்டர் ஒன்றுக்கு அங்கே எதையாவது அனுப்பினால் அது குழம்பலாம். ஆகவே கார்ட் தன் டிவிஐ வாயால் அனுப்ப முதல் யோசிக்க வேணும்: எதிரில் இருப்பது மொனிட்டரா, ரீவியா? மாமாவின் கார்ட் மொனிட்டர் என்று நினைத்து இடைவெளியை வெறுமையாக விட்டது. அந்தப் பக்கம் ரீவி, வாறது ரீவிப் படம் என்று நினைத்து ஓரத்தை வெட்டியது. நான் ஒரு நாள் முழுக்கத் தேடின இரண்டு கோளாறும் உண்மையில் ஒன்றுதான். இரண்டு பெட்டியும் ஒன்றையொன்று வேறு ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தன.

இங்கே எங்கட ஊர்க் கதை ஒன்று வருகிறது. ஏடிஐ மார்க்கம் கொம்பனி. 1985இல் ஹொங்கொங்கில் இருந்து குடியேறிய க்வொக் யுவென் ஹோவும் லீ லாவ், பென்னி லாவ், பிரான்சிஸ் லாவ் என்பவர்களும் தொடங்கியது. 2006இல் ஏஎம்டி ஏறத்தாழ 540 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்கியது, 2010இல் ஏடிஐ என்ற பெயரையும் எடுத்துவிட்டது. 404உம் 7ஆம் நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட அந்த அலுவலகம் இன்றும் இருக்கிறது, பெயர்ப்பலகை மட்டும் வேறு. நீங்கள் சின்னனில் விளையாடின எக்ஸ்பொக்ஸ் 360இன் கிராஃபிக்ஸ் சிப்பும் ஏடிஐ வடிவமைத்ததுதான். இன்னும் கேளுங்கோ: ரீவிக்கும் மொனிட்டருக்கும் உள்ளே இருந்து படத்தைப் பெருப்பித்துச் சுருக்குகிற சிப்களைச் செய்த ஜெனெசிஸ் மைக்ரோசிப் என்ற கொம்பனியும் 1987இல் மார்க்கமில்தான் தொடங்கியது. பிறகு அது 2008இல் எஸ்டிமைக்ரோஎலக்ட்ரோனிக்ஸ் கைக்குப் போனது. கேபிளின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் சிப் செய்தவர்கள் ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள். நாங்கள் மார்க்கமுக்குப் போறது சாப்பிடவும் கலியாண வீட்டுக்கும்தான்.

ஏடிஐ 2007இல் வந்த எச்டி 2000 வரிசையில் இருந்து சத்தத்துக்கான சிப்பைக் கார்டுக்குள்ளேயே வைத்தது. சத்தம் டிவிஐ வாயால் வரும். ஆனால் அதற்கு ஏடிஐ தன் கார்டோடு கொடுத்த அடாப்டரைப் போட வேணும். பார்வைக்கு மற்ற அடாப்டர் போலத்தான் இருக்கும். உள்ளே ஒரு சின்னச் சிப் இருக்கும், கார்ட் அதை வாசித்து, "ஓ, இது எச்டிஎம்ஐக்குப் போகிறது" என்று அறிந்துகொள்ளும். என்ர பன்னிரண்டு டொலர் வயரில் அது இல்லை.

"உந்தக் கார்டோடை ஒரு சின்னச் சாமான் வந்ததே மாமா, கட்டையா, ஒரு பக்கம் வெள்ளை?"

மாமா உள்ளே போய் நீல நிற டனிஷ் பிஸ்கட் ரின் ஒன்றைக் கொண்டுவந்தார். அதற்குள் நூல், ஊசி இல்லை. திருகாணி, பழைய போன் சார்ஜர்கள், கனடா வந்த முதல் வருடத்து பஸ் ரோக்கன் இரண்டு, அடியில் அந்த அடாப்டர், பிளாஸ்டிக் பை கூடக் கிழிக்காமல். பதினைந்து வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்திருக்கு. ஒன்றையும் எறியாத ஆட்களை நாங்கள் எவ்வளவு பகிடி பண்ணியிருக்கிறோம்.

அதைப் போட்டு, கொம்பியூட்டரைத் திரும்ப எழுப்பி, விண்டோஸின் சத்தம் பகுதியில் எச்டிஎம்ஐ வெளியீட்டை முதன்மையானதாக வைக்க வேணும். வீடியோ மென்பொருள் திறந்திருந்தால் மூடித் திறவுங்கோ, இல்லாவிட்டால் அது பழைய ஸ்பீக்கரையே தேடிக்கொண்டிருக்கும்.

சத்தம் வந்தது. உடனே படத்தைச் சுற்றிக் கறுப்புச் சட்டமும் வந்தது. இப்போது எதிரில் இருப்பது ரீவி என்று கார்டுக்குத் தெரிந்துவிட்டது இல்லையா? ரீவி எப்படியும் ஓரத்தை வெட்டும் என்று நினைத்து, அதுவே படத்தைச் சுருக்கி அனுப்பியது. கட்டலிஸ்ட் என்ற ஏடிஐ மென்பொருளில் 'ஓவர்ஸ்கான்' என்று ஒரு இழுவைக் கோடு இருக்கும், அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுபோங்கோ. ஆனால் ரீவியைத் திருத்தின பிறகுதான். சிலர் ரீவியை விட்டுவிட்டு இந்தக் கோட்டை மட்டும் இழுத்து ஓரம் சரிவாற இடத்தில் நிற்பாட்டுவார்கள். பார்க்கச் சரி போல இருக்கும். கார்ட் சுருக்க, ரீவி பெருப்பிக்க, எழுத்தெல்லாம் நனைந்த பேப்பர் மாதிரி ஊறிவிடும்.

கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால் அதே மென்பொருளில் பிக்சல் வகையை மாற்றிப் பாருங்கோ. ரீவி உலகத்தில் கறுப்பு 16இல் தொடங்கி வெள்ளை 235இல் முடியும், கொம்பியூட்டர் உலகத்தில் 0 முதல் 255. இரண்டு பக்கமும் ஒரே கணக்கில் இருந்தால் போதும், எது என்பது பிரச்சினை இல்லை.

அடாப்டர் இல்லாதவர்களுக்கு

எல்லார் வீட்டிலும் பிஸ்கட் ரின் இருக்காது. என்விடியாவின் 2007, 2008 கால கார்ட் என்றால் கதை வேறு. பலவற்றில் சத்தச் சிப் உள்ளே இல்லை, மதர்போர்டில் இருந்து கார்டுக்கு இரண்டு கம்பி உள்ள சின்ன வயர் ஒன்று கொழுவ வேணும். அதைத் தேடி அலைவதை விட லேசான வழி இருக்கு. கொம்பியூட்டரின் பின்னால் இருக்கிற பச்சை நிறச் சத்த வாயில் இருந்து ரீவிக்கு ஒரு 3.5 மில்லிமீற்றர் ஓடியோ வயர். ரீவியின் பின்பக்கத்தை வடிவாகப் பாருங்கோ: 2010ஐ ஒட்டின ரீவிகளில் எச்டிஎம்ஐ வாய்களில் ஒன்றுக்கு மட்டும் பக்கத்தில் 'டிவிஐ' என்றும் எழுதி இருக்கும். அந்த வாயில் படத்தைக் கொடுத்தால்தான், 'டிவிஐ ஓடியோ' என்ற ஓட்டையில் இருந்து ரீவி சத்தத்தை எடுக்கும். மற்ற வாயில் கொடுத்துவிட்டு ரீவி பழுது என்று பேச வேண்டாம். புது ரீவியில் அந்த ஓட்டையே இல்லை என்றால் ஸ்பீக்கரை நேராகக் கொம்பியூட்டரில் கொழுவி ரீவிக்குக் கீழே வையுங்கோ.

உங்கட ரீவி சின்ன, பழைய 'எச்டி ரெடி' வகை என்றால் ஒன்று. 720பி என்று விற்றாலும் உள்ளே இருக்கிற பலகை பெரும்பாலும் 1366க்கு 768. விஜிஏயில் கொடுக்கிறவர்கள் 1360க்கு 768 வையுங்கோ. 1366 எட்டால் பிரிபடாது, பழைய கார்ட்கள் எட்டின் மடங்குகளில்தான் யோசிக்கும்.

நெட்ஃப்ளிக்ஸ், புளூ-ரே மாதிரி விஷயங்களுக்கு இந்தப் பழைய கார்டை நம்ப வேண்டாம். அவை கேபிளில் எச்டிசிபி என்ற பூட்டைக் கேட்கும், அது பழைய கார்ட் எல்லாவற்றிலும் இல்லை. அதற்கு ரீவியின் சொந்த ஆப் இருக்கு. வீட்டு வீடியோவுக்குப் பூட்டும் இல்லை, திறப்பும் இல்லை.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கிற பழைய டிரைவரை 'புதுப்பிக்கிறேன்' என்று அழிக்க வேண்டாம். இந்த வரிசைக் கார்ட்களை ஏஎம்டி 2012இலேயே பழையவை பக்கத்துக்குத் தள்ளிவிட்டது. விண்டோஸ் 7க்கும் 2020 ஜனவரியோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. மாமாவின் பெட்டியில் இன்ரநெட் வயரைக் கழற்றி விட்டிருக்கிறேன். அது இப்போது வீடியோ காட்டுகிற பெட்டி மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வந்தார்கள். கேக் வெட்ட முதலே வீடியோவைப் போட்டோம். அம்மப்பா வாசலில் நின்று ஆருக்கோ சொல்லுகிறார், "வாங்கோ, வாங்கோ, இருந்து சாப்பிட்டுத்தான் போகவேணும்." அம்மம்மா ரீவியைப் பார்த்து, "ஓமோம், இண்டைக்கும் அப்பிடித்தான்" என்றா. பிறகு மாமாவிடம் திரும்பி அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னா. மாமா மவுஸை இழுத்துப் பின்னுக்குக் கொண்டுபோனார். அப்படி ஒரு ஏழு, எட்டுத் தடவை.

அடாப்டரை மாமா கார்டோடு சேர்த்து மின்சாரக்காரர் பாவிக்கிற கறுப்பு ரேப் சுற்றி ஒட்டிவிட்டார். அதில் வெள்ளைப் பேனாவால் 'கழற்றாதே' என்று எழுதியும் இருக்கிறார். பெட்டி இனி பேஸ்மென்டுக்குப் போகாதாம்.